பெண்பிள்ளைகளின் அறிவியல் படிப்புக்குப் பணம்: டேப்லெட்டா, ஆய்வகமா, விடுதியா? (தான்சானியா)

கடலோடி_தார்

எல்லோருக்கும் வணக்கம். தார் எஸ் சலாமில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணத்தை இந்த வருடம் பெண்பிள்ளைகளின் அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்குத் தருவதென்று முடிவாகியிருக்கிறது. மொரோகோரோ பக்கம் ஒரு அரசு செகண்டரி பள்ளியையும் பார்த்து வைத்திருக்கிறார்கள். தொகை ரொம்பப் பெரியது இல்லை, ஒரு நல்ல கார் வாங்கலாம், அவ்வளவுதான்.

மேலிடத்தில் இரண்டு யோசனை ஓடுகிறது. ஆளுக்கொரு டேப்லெட், இல்லையென்றால் டிசம்பர் விடுமுறையில் பத்து நாள் கோடிங் முகாம். கணக்கு எழுத ஆள் வேண்டுமே என்று கமிட்டியில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். இரண்டிலுமே எனக்கு மனசு ஒட்டவில்லை. ஏன் என்று கேட்டால் அடித்துப் பேச விவரம் போதவில்லை. ஆப்பிரிக்காவில் இருப்பவர்கள், வாத்தியார் வேலை பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

சந்தேகசாமி

டேப்லெட் கொடுத்தால் போட்டோ அழகாக விழும். அதற்கப்புறம்? சஹாராவுக்குத் தெற்கே இன்னும் 60 கோடிப் பேர் வரை மின்சாரம் இல்லாமல் இருக்கிறார்கள். நீங்கள் பார்த்து வைத்த பள்ளியில் பிளக் பாயின்ட் எத்தனை, கரண்ட் எத்தனை மணி நேரம், திரை உடைந்தால் யார் சரிசெய்வது, டேட்டாவுக்கு யார் காசு? இந்த நாலுக்கும் பதில் இல்லாவிட்டால் எல்லாம் தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டிக் கிடக்கும்.

முகாமும் அதே கதைதான். டீ-ஷர்ட், சான்றிதழ், குரூப் போட்டோ. பதினோராம் நாள் அந்தப் பெண் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவாள்?

நைரோபி_நல்லதம்பி

சாமி, கோடிங் என்றாலே டீ-ஷர்ட் என்று ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். நான் இந்த ஊரில் மென்பொருள் வேலையில் ரொம்ப காலமாக இருக்கிறேன். கென்யாவில் 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கலவரம் வெடித்தபோது, எங்கே என்ன நடக்கிறது என்று மக்களே குறுஞ்செய்தி அனுப்பி வரைபடத்தில் ஏற்ற ஒரு தளம் வந்தது, உஷாஹிடி. அதற்கு விதை போட்டது ஓரி ஒகொல்லோ என்ற பெண் வலைப்பதிவில் எழுதிய வேண்டுகோள். கட்டி எழுப்பியவர்களில் ஜூலியானா ரோட்டிச் இன்னொருவர்.

2010-ல் இங்கே ஐஹப் என்று, மென்பொருள்காரர்கள் கூடி வேலை செய்யும் இடம் ஒன்றைத் திறந்தார்கள். டெக் கூட்டம் என்று போனால் ஆண்கள் மயம்தான். அதைப் பார்த்து அலுத்துப்போன சில இளம்பெண்கள் அதே வருடம் அகிராசிக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வசதி குறைந்த வீட்டுப் பெண்களை எடுத்து ஒரு வருடம் முழுக்கப் பயிற்சி. அங்கே படித்து வந்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன், கேள்வி கேட்கும் விதமே வேறு. ஆனால் கவனியுங்கள், அது ஒரு வருடம், பத்து நாள் இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். 2018-ல் நைஜீரியாவின் ஒனிட்ஷாவிலிருந்து ஒரு பள்ளியின் மாணவிகள் ஐந்து பேர் போலி மருந்தைக் கண்டுபிடிக்கும் செயலி செய்து மாணவிகளுக்கான டெக்னோவேஷன் என்ற உலகப் போட்டியில் இளையோர் பிரிவில் ஜெயித்தார்கள். அதற்கு முந்தைய வருடம் கென்யாவின் கிசுமுவிலிருந்து போன பிள்ளைகள், பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு ஆளாகும் சிறுமிகள் உதவி கேட்க ஒரு செயலி செய்து இறுதிச் சுற்று வரை போனார்கள். இரண்டு இடத்திலும் மாதக்கணக்கில் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தார்கள்.

அகிலா_டீச்சர்

கடலோடி தம்பி, தான்சானியா என்று சொன்னதால் எழுதுகிறேன். முவான்சா பக்கம் சில ஆண்டுகள் இயற்பியல் எடுத்தவள் நான்.

உங்கள் கமிட்டிக்கு முதலில் தெரிய வேண்டியது, அங்கே பிள்ளைகள் எந்த இடத்தில் கழன்று போகிறார்கள் என்பது. அரசு ஆரம்பப் பள்ளி முழுக்க சுவாஹிலியில். கணக்கு, அறிவியல் எல்லாம் அதில்தான். ஃபார்ம் ஒன், அதாவது செகண்டரியின் முதல் வருடம் வந்ததும் ஒரே நாளில் எல்லாப் பாடமும் ஆங்கிலம். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று சுவாஹிலியில் மடமடவென்று சொல்லும் பிள்ளை, ஆங்கிலத்தில் கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்க்கும். பையன்களுக்கும் இதே கஷ்டம்தான். ஆனால் அவன் சாயங்காலம் நாலு பேரோடு உட்கார்ந்து பேசிப் பழகிக்கொள்வான். அவள் தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள், சமைத்துக்கொண்டிருப்பாள், தம்பியைத் தூக்கி வைத்திருப்பாள்.

அடுத்தது ஃபார்ம் த்ரீ. ரொம்ப காலமாக இருந்துவரும் முறையில் முதல் இரண்டு வருடம் இயற்பியல், வேதியியல் எல்லோருக்கும் உண்டு. ஃபார்ம் த்ரீயில் அந்த இரண்டும் விருப்பப் பாடம் ஆகிவிடும். கணக்கும் உயிரியலும் மட்டும் கட்டாயம். அங்கேதான் வகுப்பு சரிபாதியாகக் குறையும், குறைவது பெரும்பாலும் பெண்கள் வரிசையில். யாரும் விரட்டுவதில்லை. "இயற்பியல் கஷ்டம், உனக்கு எதற்கு" என்று வீட்டில், வகுப்பில், சில நேரம் ஆசிரியர் அறையிலேயே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அங்கே விட்டுவிட்டால் மேலே பிசிஎம் (இயற்பியல், வேதியியல், கணக்கு), பிசிபி (இயற்பியல், வேதியியல், உயிரியல்) என்ற பாடப்பிரிவு எதிலும் சேர வழியில்லை. மருத்துவம், பொறியியல் என்று பேச்சே கிடையாது.

சரி, ஏன் விடுகிறார்கள்? ஆய்வகத்தில் ஒன்றையும் தொட்டுப் பார்த்ததே இல்லை என்பது பெரிய காரணம். அப்போதைய ஜனாதிபதி கிக்வெத்தே, 2014-க்குள் ஒவ்வொரு வார்டு செகண்டரி பள்ளியிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் தனித்தனி ஆய்வகம் கட்டியே ஆக வேண்டும் என்று கெடு வைத்தார். ஊர்க்காரர்களிடம் வசூல் செய்து சுவர் எழுப்பினார்கள். சுவர் எழும்பிய பல இடங்களில் உள்ளே ப்யூரெட் (திரவத்தை அளந்து சொட்டுச் சொட்டாக விடும் குழாய்) வரவில்லை. ஒரே ஒரு செட் இருந்தால் என்ன நடக்கும்? குழுவாகப் பிரிப்போம். பையன் கருவியைப் பிடிப்பான், பெண்பிள்ளை கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று நோட்டில் குறிப்பெழுதுவாள். நாலு வருடம் குறிப்பெழுதியவள் பொதுத்தேர்வுச் செய்முறையில் முதல் தடவையாக ப்யூரெட்டைத் திறந்தால் கை நடுங்காதா?

என்னைக் கேட்டால் டேப்லெட் விலையில் பாதி போதும், ஒரு வகுப்பின் பெண்பிள்ளைகள் எல்லோரும் சொந்தக் கையால் ப்யூரெட் பிடித்து டைட்ரேஷன் என்ற அமில-காரப் பரிசோதனையைச் செய்துவிடலாம்.

முத்துநகரான்

ஃபார்ம் டூ பிள்ளைகளைப் பிடிக்க வேண்டும் என்கிறீர்கள். முகாமுக்கு ஃபார்ம் ஃபோர் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பயனில்லை, அப்படித்தானே டீச்சர்?

அகிலா_டீச்சர்

அதேதான். ஃபார்ம் ஃபோரில் வருகிறவள் ஏற்கனவே முடிவெடுத்தவள். அவளுக்கு ஊக்கவுரை எதற்கு?

பீக்கர்_பெண்

டீச்சர் சொன்ன அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு ஆளைச் சொல்கிறேன். டெபெல்லோ ந்யோகோங், வேதியியலாளர், 1951-ல் பிறந்தவர், லெசோத்தோவில் வளர்ந்தவர். சின்ன வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம், ஒரு நாள் ஆடு மேய்ப்பது என்று மாற்றி மாற்றிப் போனவர். உயர்நிலைப் பள்ளியில் கலைப் பாடங்களில்தான் இருந்தார், கடைசி இரண்டு வருடம் இருக்கும்போது அறிவியலுக்குத் தாவினார். பிறகு கனடாவில் முனைவர் பட்டம், தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஒளியைப் பாய்ச்சிப் புற்றுநோய்ச் செல்லை அழிக்க உதவும் சாயமூலக்கூறுகள் அவருடைய துறை. 2009-ல் பெண் அறிவியலாளர்களுக்கான லோரியால்-யுனெஸ்கோ விருது வாங்கினார். அன்று அந்தப் பள்ளி "இனிமேல் மாற முடியாது" என்று சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஃபார்ம் த்ரீயில் விட்ட பிள்ளை திரும்பி வர ஒரு வழி இருக்கிறதா என்று அந்தப் பள்ளியில் கேளுங்கள்.

சந்தேகசாமி

விருது வாங்கியவர்களின் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கும். லட்சத்தில் ஒருவர். மீதிப் பேருக்கு?

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் பேர்ஃபுட் காலேஜ் இருக்கிறது, 1972-லிருந்து. ஆப்பிரிக்க நாடுகளின் கிராமங்களிலிருந்து எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களை அழைத்து வந்து ஆறு மாதம் சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் பல வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். வெளிநாட்டவருக்குப் பயிற்சி தரும் இந்திய அரசின் ஐடெக் திட்டம் செலவை ஏற்றது. பொதுவான மொழி கிடையாது. கம்பிகளின் நிறம், சைகை, கையைப் பிடித்துச் செய்து காட்டுவது, இவ்வளவுதான் பாடம். ஏன் பாட்டிகள் என்றால், இளைஞனுக்குச் சான்றிதழ் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விடுகிறான், பாட்டி ஊரில்தான் இருப்பாள் என்று நிறுவனர் பங்கர் ராய் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஜான்சிபாரிலும் ஒரு மையம் வைத்திருக்கிறார்கள், கடலோடிக்குப் படகில் போகும் தூரம்தான். உங்கள் பணத்தை அங்கே கொடுங்கள், ஊருக்கு வெளிச்சமாவது வரும்.

பீக்கர்_பெண்

சோலார் பாட்டிகளை நானும் மதிக்கிறேன். ஆனால் "ஏழைப் பெண்ணுக்கு சாலிடரிங் போதும், ஆராய்ச்சி எல்லாம் எதற்கு" என்ற இடத்துக்கு அந்தப் பேச்சு வழுக்கிக்கொண்டு போகிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் மேசையில் பெண் உட்கார்ந்தால் கேள்வியே மாறும். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நடாலில் எச்ஐவி யாருக்குப் பரவுகிறது என்று பார்த்தபோது, இளம்பெண்களுக்கு மிக அதிகமாக இருந்தது. ஆணுறை போடு என்று ஆணிடம் வற்புறுத்த முடியாத நிலையில் இருப்பவர்கள். பெண் தன் கையிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய தடுப்பு வேண்டும் என்று குரைஷா அப்துல் கரீம் விடாமல் வேலை செய்தார். டெனோஃபோவிர் மருந்து கலந்த ஜெல், காப்ரிசா 004 என்ற சோதனை, 2010-ல் முடிவு வெளிவந்தது, தொற்று 39 சதவீதம் குறைந்தது. பின்னால் வந்த வேறொரு பெரிய சோதனையில் அந்த ஜெல் அதே அளவு தேறவில்லை, மாத்திரை வழி முன்னுக்கு வந்தது. ஆனாலும் பெண் கையில் இருக்கும் தடுப்பு சாத்தியம் என்று முதலில் காட்டியது அதுதான். 2023-ல் வளரும் நாடுகளின் அறிவியல் அகாதெமியான ட்வாஸின் முதல் பெண் தலைவராகப் பொறுப்பேற்றவரும் அவர்தான்.

நைஜீரியாவின் ஃபிரான்சிஸ்கா ஒகேகே, பூமத்திய மின்தாரை ஆய்வுக்காக 2013-ல் அதே லோரியால்-யுனெஸ்கோ விருது பெற்றவர். அதற்கு சாலிடரிங்கும் தெரிய வேண்டும், வகைக்கெழுவும் தெரிய வேண்டும்.

முத்துநகரான்

ஒகேகே பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். பூமிக்கு நூறு கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டிப் பகலில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டம் அது. அந்தக் கோடு நைஜீரியா, எத்தியோப்பியா வழியாக வந்து நம் தென்கோடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. தும்பாவில் 1963-ல் ராக்கெட் விட இடம் பார்த்ததும் அதனால்தான், திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். நைஜீரியாவின் நஸுக்காவில் அவர் பார்ப்பதைத்தான் எங்கள் ஊர்ப் பக்கமும் பார்க்கிறார்கள். இழைக்குச் சம்பந்தம் குறைவு, மன்னிக்கவும், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மட்டுறுத்துநர்

குறிப்பிட்ட ஒரு பள்ளியின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் போட்டுக் குறை சொன்ன பின்னூட்டம் ஒன்று நீக்கப்பட்டது. பெயர் இல்லாமல் எழுதுங்கள். முத்துநகரான், உங்கள் பின்னூட்டம் இருக்கட்டும்.

கம்பாலா_ரவி

சட்டம், கொள்கை பற்றி யாரும் பேசவில்லையே. உகாண்டாவில் 1990-லேயே மக்கெரெரே பல்கலைக்கழகத்தில் சேரும் பெண்களுக்கு 1.5 மதிப்பெண் கூடுதலாகத் தரத் தொடங்கினார்கள். பெண்கள் எண்ணிக்கை நன்றாக ஏறியது. எதில் ஏறியது என்று பாருங்கள்: பெரும்பாலும் கலை, சட்டம், சமூக அறிவியல். பொறியியல் வகுப்பில் அந்த 1.5 பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் விண்ணப்பம் போடவே கீழே ஆள் இல்லை. அப்புறம் 2005 வாக்கில் அரசு உதவித்தொகை இடங்களில் பெரும்பகுதியை அறிவியல் படிப்புகளுக்குத் திருப்பிவிட்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் ஆய்வகமே இல்லாத கிராமப் பள்ளியிலிருந்து வந்த பெண்ணுக்கு, முன்பு கிடைத்துக்கொண்டிருந்த கலைப்பிரிவு உதவித்தொகையும் போயிற்று. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை எடுத்துக்கொண்டது. வாசலில் சலுகை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை, டீச்சர் சொல்லும் அந்த நாலு வருடம் காலியாக இருந்தால்.

நைரோபி_நல்லதம்பி

ரவி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தான்சானியாவில் கர்ப்பமான மாணவியைப் பள்ளியை விட்டு நீக்கும் வழக்கம் வெகுநாள் இருந்தது. 2017-ல் ஜனாதிபதி மகுஃபுலி, தான் பதவியில் இருக்கும்வரை அப்படிப்பட்ட பெண் திரும்பப் பள்ளிக்கு வர முடியாது என்று பொதுக்கூட்டத்திலேயே சொன்னார். பாலுறவுக்கு வற்புறுத்தப்பட்ட சிறுமிக்கும் அதே தண்டனை. அவர் மறைந்த பிறகு, சாமியா சுலுஹு ஹசன் ஆட்சியில் 2021 நவம்பரில் அந்தத் தடை நீங்கியது. சியரா லியோனில் 2015-ல் வந்த இதே மாதிரித் தடையை மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019-ல் தவறு என்றது, அடுத்த வருடம் நீக்கினார்கள்.

டேப்லெட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் மேலிடம் கேட்கும். செகண்டரி பள்ளி தூரம் என்பதால் பல பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தனியாகத் தங்குவார்கள், "கெத்தோ" என்பார்கள் அங்கே. பதினாலு பதினைந்து வயது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திணறும்போது பைக் டாக்சிக்காரனோ கடைக்காரனோ உதவி செய்கிறேன் என்று வருவான். கர்ப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஒரு விடுதிக் கட்டில் எத்தனை இயற்பியல் மாணவிகளைக் காப்பாற்றும் என்று கணக்குப் போடுங்கள், நீங்கள்தான் கணக்குப் பிரிவாயிற்றே.

பீக்கர்_பெண்

இதை அரசும் உலக வங்கியும் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. 2020-ல் ஒப்புதலான செகண்டரி கல்வித் திட்டத்தில் மாகாணத்துக்கு ஒன்றாக 26 பெண்கள் அறிவியல் பள்ளிகள், விடுதியோடு. ஆனால் மாகாணத்துக்கு ஒன்று என்றால் மீதிப் பிள்ளைகள் வார்டு பள்ளியில்தான்.

அகிலா_டீச்சர்

நாடகம் ஒன்றைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன். 1992-ல் ஆப்பிரிக்கக் கல்வித் துறையின் பெண் அமைச்சர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஃபாவே என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்துப் பரப்பிய ஒன்று துசேமே மன்றம். 1996-ல் தார் எஸ் சலாம் பல்கலைக்கழக நாடகத் துறையில் பிறந்தது. பிள்ளைகள் தங்களுக்கு நடப்பதை நாடகமாகப் போட்டு ஆசிரியர், பெற்றோர் முன்னாலேயே நடித்துக் காட்டுவார்கள். "பெண்ணுக்கு இயற்பியல் எதற்கு" என்ற வசனத்தை வாத்தியார் வேஷம் போட்ட பெண் பேசும்போது, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நிஜ வாத்தியார் நெளிவார். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, அறிவியல் திட்டத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கேம்ஃபெட். 1993-ல் ஜிம்பாப்வேயில் 32 பெண்பிள்ளைகளோடு தொடங்கி, இப்போது தான்சானியாவிலும் இருக்கிறது. படித்து முடித்த பெண்களே தங்கள் ஊர்ப் பள்ளிக்குத் திரும்பி வந்து சின்னப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவார்கள், அதற்குக் கைமாறாக வட்டியில்லாக் கடன் கிடைக்கும். அதே வரப்பில் நடந்து வந்த அக்கா சொன்னால் பிள்ளை கேட்கும். லோகோ போட்ட சட்டையில் வந்தவர் சொன்னால் கைதட்டிவிட்டுப் போகும்.

சந்தேகசாமி

லோகோ சட்டை பற்றி நான் முதலிலேயே சொன்னேன், பதிவுக்காக.

முத்துநகரான்

கடலோடி, ஐஐடி மெட்ராஸ் ஜான்சிபாரில் வளாகம் திறந்ததே, அது எப்படிப் போகிறது? அங்கே பெண்கள் சேர்கிறார்களா?

கடலோடி_தார்

2023-ல் திறந்தது. ஐஐடிகளுக்கு வெளிநாட்டில் அதுதான் முதல் வளாகம். அதன் பொறுப்பு இயக்குநராக வந்தவர் ப்ரீத்தி அகாலயம், ஐஐடி ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். தரவு அறிவியல் படிப்புகளோடு தொடங்கினார்கள். உள்ளூர்ப் பெண்களும் சேர்கிறார்கள், பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் இந்த இழையைப் படித்த பிறகு எனக்கு உறைத்தது, அங்கே நுழைவுத் தேர்விலேயே கணிதம் உண்டு. மொரோகோரோவில் வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண் அந்த வாசல் வரை எப்படி வந்து சேருவாள்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கமிட்டியில் ஒருவரை அழைத்துக்கொண்டு போன வாரம் பள்ளிக்கே போய்விட்டு வந்தேன். தலைமையாசிரியை பேச்சில் சுற்றி வளைக்கவில்லை. டேப்லெட் என்று ஆரம்பித்ததும், "வாங்கிக்கொள்கிறோம், வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், ஆனால் என்ன வேண்டும் என்று கேட்கவில்லையே" என்றார். கேட்டோம். ஆய்வகத்துக்குத் தண்ணீர்க் குழாய் இணைப்பு வரவில்லை, தொட்டி வேண்டும். இருக்கும் ப்யூரெட்டுகளில் பாதிக்கு மேல் உடைசல். விடுதியாக மாற்றக்கூடிய ஒரு பழைய கட்டடம் இருக்கிறது, கட்டிலும் ஜன்னலுக்குக் கம்பியும் இல்லை. இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லை, வேதியியல்காரர்தான் பார்த்துக்கொள்கிறார். அது அரசு போட வேண்டிய இடம், எங்களால் ஆகாது.

மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் வருவதில்லை என்று அவரே சொன்னார். கென்யாவில் 2004-லேயே நாப்கினுக்கு வரியை எடுத்துவிட்டார்கள் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். "வரி போகட்டும், கழிப்பறையில் கதவு போடுங்கள்" என்றார்.

திரும்பி வந்து கமிட்டியில் ஒரே சண்டை. கடைசியில் முடிவானது: தண்ணீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவுகள், விடுதிக் கட்டடத்தைச் சரிசெய்வது, மூன்று வருடத்துக்கு ஆய்வகப் பொருட்கள். ஃபார்ம் டூ பெண்பிள்ளைகளுக்கு சனிக்கிழமை செய்முறை வகுப்பு, எடுக்கிற ஆசிரியருக்குப் படி. எம்.டி.க்காக சில டேப்லெட்டும் உண்டு, அதைத் தவிர்க்க முடியவில்லை. முகாம் ரத்து.

இப்போது ஆய்வகப் பட்டியல் போடச் சொல்லியிருக்கிறார்கள். அகிலா டீச்சர், உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அகிலா_டீச்சர்

நல்ல காரியம் தம்பி. முழுப் பட்டியல் தனிமடலில் அனுப்புகிறேன், இங்கே பொதுவாகச் சில:

கண்ணாடி ப்யூரெட் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். பாதி அக்ரிலிக் வாங்குங்கள், கீழே விழுந்தாலும் தாங்கும். ப்யூரெட்டைப் பிடித்து நிறுத்தும் ரிட்டார்ட் ஸ்டாண்டை இறக்குமதி செய்ய வேண்டாம், ஊரிலேயே வெல்டிங் ஃபுண்டியிடம் (தொழிலாளியிடம்) ஒரு மாதிரியைக் காட்டினால் நாலில் ஒரு பங்கு விலையில் செய்து தருவார். ஊசல் பரிசோதனைக்கு குண்டு வாங்கவே வேண்டாம், பெரிய நட்டும் நூலும் போதும். அம்மீட்டர், வோல்ட்மீட்டர், மின்தடைக் கம்பி, லென்ஸ், கண்ணாடிப் பட்டகம் இதிலெல்லாம் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு பேருக்கு ஒரு செட் என்பதே என் கணக்கு. நாலு பேருக்கு ஒன்று என்றால் மறுபடியும் அவள் நோட்டுதான் எழுதுவாள்.

சோடியம் ஹைட்ராக்சைடைப் பெரிய டப்பாவில் வாங்காதீர்கள், ஒரு தடவை திறந்தால் அந்த ஊர் ஈரத்தில் கட்டியாகிவிடும், சின்னப் புட்டிகளாக வாங்குங்கள். அடர் அமிலங்களுக்குப் பூட்டு உள்ள அலமாரி, கீழ்த் தட்டில். தொட்டி வந்து குழாயில் தண்ணீர் வரும்வரை அமிலம் எதையும் பள்ளிக்குள் இறக்க விடாதீர்கள்.

சந்தேகசாமி

அந்த டேப்லெட்டுகளில் ஒன்றையாவது வைத்து, ப்யூரெட் எப்படிப் பிடிப்பது என்று ஃபார்ம் ஃபோர் பெண்களை விட்டு சுவாஹிலியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். எம்.டி.க்கும் போட்டோ கிடைத்த மாதிரி இருக்கும்.

கடலோடி_தார்

இதை அப்படியே கமிட்டி குறிப்பில் எழுதிவிட்டேன் சாமி. உங்கள் பெயரைப் போடவில்லை.